நடையும் ஒரு நோன்பு



நேர்த்தி வைத்துப் பாதயாத்திரை செல்வது நமக்குப் புதிதன்று. பிறர் துயர் தீர்க்கவும் அவ்வாறு நடக்கலாம் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன்.

பிரித்தானியப் படையைச் சேர்ந்த மேஜர் பில் பாக்கர் 2008 இல் ஈராக்கிலே முள்ளந்தண்டிற் காயமுற்றார். இனி நடத்தல் அரிது என்றனர் வைத்தியர். 2009 ஏப்ரலில், லண்டன் மரதன் ஓட்டத்திலே, அவர் ஊன்றுகோல்களுடன் இறங்கினார். ஏனையோர் சில மணி நேரத்தில் ஓடிமுடித்த 26 மைலை, நாளொன்றுக்கு இரண்டு மைலாக நடந்து மே 9 இல் முடித்தார். காயமுற்ற போர்வீரருக்கு உதவும் 'ஹெல்ப் ஃபோர் ஹீரோஸ்' நிதிக்குப் பத்து இலட்சம் பவுண் திரட்டுவதே அவர் கொண்ட சங்கற்பம். அவ்வாண்டிலேயே அது நிறைவேறிற்று.

அதே மே மாதத்திலேதான் நம் நாட்டிலும் போர் ஓய்ந்தது. கால் இழந்தோர் நம் கிராமங்களிலும் உளர். அவர் எப்பக்கத்தவர் என்று வினவுதல் சைவருக்கு அழகன்று. ஆகவே, ஓட்டப் பந்தயத்தில் ஒருநாளும் வென்றறியாத நான், நல்லூரிலிருந்து கீரிமலைவரை நடக்கப் போகிறேன். மைலுக்கு இவ்வளவென்று நீங்கள் தரும் பணம் செயற்கைக் கால்களுக்குச் செல்லும். நடக்கக் கூடிய நண்பர் உடன் வருக. இயலாத பெரியோர் பொருள் தந்து வாழ்த்துக.