ஒலி ஒன்று, பொருள் வேறு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"சிறுவர்க்கு ஆங்கிலம்" என்னும் பொருள்பற்றிப் பேசும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆகவே அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காதுக்கு ஒன்றுபோல ஒலித்து, பொருளால் வேறுபடும் ஆங்கிலச் சொற்களை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதே அது. இதை அற்ப விஷயம் என்று எண்ண வேண்டாம். ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட இவ்வளவு சிறிய விஷயமே போதும். அதைக் கண்ணால் கண்டவன் நான். அதற்குக் காரணமாக இருந்தவனும் நானே.

1980களில் ஒரு தோட்டப் பாடசாலையில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் கரும்பலகையில் சிங்கம் ஒன்றை வரைந்து, "இது லயன்" என்றேன். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "இல்ல சேர், லயன் எங்க வீடு" என்றான். நான் சிரித்துவிட்டேன். ஆசிரியர் சிரித்தால் வகுப்புச் சும்மா இருக்குமா? கூரை அதிரச் சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் அவன் ஆங்கிலப் பாடத்தில் வாய் திறக்கவேயில்லை.

அவன் சொன்னதில் பிழை என்ன? வரிசையாகக் கட்டிய அறைகளைத் துரைமார் 'வரிசை' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அழைத்தனர். அச்சொல்லே நம் பாட்டன் பாட்டிமார் வாயில் லயன் என்றும் லயம் என்றும் ஆயிற்று. சிங்கத்தின் ஆங்கிலப் பெயரும் நம் எழுத்தில் லயன்தான். ஆங்கிலேயர் வாயில் முன்னது ஓரசை, பின்னது ஈரசை. நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பிள்ளை தான் பிறந்த நாள்முதல் கேட்டறிந்த ஓர் ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னான். தட்டிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான், சிரித்தேன்.

அன்றுமுதல் இதைப்பற்றிச் சிந்தித்து வந்ததில் எனக்குப் புலப்பட்டது இதுதான். ஒன்றுபோல ஒலிக்கும் சொற்கள் இருவகை. ஆங்கிலேயர் வாயிலும் ஒன்றாகவே ஒலிப்பவை ஒருவகை. அவர்கள் வாயில் வேறாக ஒலித்து, நம் காதுக்கு மட்டும் ஒன்றாகப் படுபவை மற்றொரு வகை. நோய் இரண்டானால் மருந்தும் இரண்டல்லவா? நாமோ இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து வருகிறோம்.

முதல் வகைக்கு உதாரணம் நம் மலையிலேயே இருக்கிறது. கொழுந்தை நிறுப்பதற்கு ஆங்கிலத்தில் 'வே'. மலைக்குப் போகும் வழிக்கும் 'வே'. ஒலியில் எள்ளளவும் பேதமில்லை, எழுத்தில்தான் பேதம். சூரியனும் 'சன்', மகனும் 'சன்'. சூரியனுக்கு நடுவில் 'யூ'; மகனுக்கு நடுவில் 'ஓ'. ரொட்டிக்குப் பிசையும் மாவும் பூவும் ஒரே ஒலி. 'டீ' என்றால் ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்து. நம் தேத்தண்ணீரும் 'டீ'. நுவரெலியாக் கோல்ப் மைதானத்தில் பந்தை ஏற்றிவைக்கும் சிறு முளையும் 'டீ'.

இந்தக் குழப்பம் ஏன் வந்தது? 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அச்சு பரவப் பரவச் சொற்களின் எழுத்து நிலைபெற்றது. மக்கள் நாவோ நில்லாமல் மாறிக்கொண்டே சென்றது. 'அறிதல்' என்று பொருள்படும் 'நோ' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டது. ஒலி போயிற்று, எழுத்து நின்றது. மாவும் பூவும் தொடக்கத்தில் ஒரே சொல்தான். மாவில் மிகச் சிறந்த பகுதியைப் பூ என்றார்கள். எழுத்துப் பிற்காலத்தில் பிரிந்தது. இவற்றைக் கதையாகச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இவ்வகைச் சொற்களைக் கற்பிப்பதில் ஒரு விதியைக் கைக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கற்பிக்க வேண்டாம். சூரியனை இன்று ஒரு படத்தோடும் ஒரு வாக்கியத்தோடும் கொடுங்கள். அது மனதில் ஊறிய பின்னர், சில வாரம் கழித்து மகனைக் கொடுங்கள். ஒரே நாளில் இரட்டையராக வந்தால், எவர் எவரென்று பிள்ளைக்கு என்றும் சந்தேகமே. பொருளைக் காட்டுவது தனிச்சொல் அன்று, வாக்கியம். "மாலை" என்று மட்டும் சொன்னால் பொழுதா, பூமாலையா என்று நமக்கே தெரியாது. "மாலை கட்டினாள்" என்றால் ஐயமில்லை.

இரண்டாம் வகைக்கு வருவோம். குளிருக்கு நாம் போடும் 'கோட்' வேறு. ஆட்டுக்கு ஆங்கிலப் பெயரான 'கோட்' வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. தமிழில் ககரம் ஒன்றுதான். அது நிற்கும் இடத்துக்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். ஆங்கிலத்திலோ இரண்டும் தனித்தனி எழுத்து. மாறினால் பொருளும் மாறும். கொழுந்து 'லீப்', விடுமுறை 'லீவ்'. இவற்றைப் பிரித்தறியாத மாணவன், "எனக்கு இரண்டு நாள் இலை தாருங்கள்" என்று விண்ணப்பம் எழுதுவான்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் மேலே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது நம் பிள்ளைகளின் வழக்கம். வேறாக இருந்த சொற்களை ஒன்றாக்குவது அந்தப் பழக்கமே. தமிழ் எழுத்தின்மேல் குற்றமில்லை. அது தமிழுக்கென அமைந்தது. படியால் துணியை அளக்கலாமா?

இவ்வகைக்கு மருந்து முன்னதற்கு நேர்மாறானது. இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காதைப் பழக்க வேண்டும். ஆசிரியர் இரண்டு சொல் சொல்லட்டும். பிள்ளைகள் "ஒன்று" அல்லது "வேறு" என்று சொல்லட்டும். பிறகு வாய்க்கு வருவோம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'லீப்' என்னும்போது முடிவில் மூச்சு மட்டும் வரும். 'லீவ்' என்னும்போது தொண்டை அதிரும். இரண்டிலும் மேற்பல் கீழுதட்டைத் தொடும். குண்டூசிக்கு ஆங்கிலம் 'பின்'. குப்பைத் தொட்டிக்கும் நம் எழுத்தில் 'பின்'. வாயருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லுங்கள். குண்டூசிக்குக் காகிதம் துள்ளும். தொட்டிக்கு அவ்வளவு துள்ளாது. காசு செலவில்லாத கருவிகள் இவை.

இது நம் பிள்ளைகளால் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். வாலையும் வாளையும், மனத்தையும் மணத்தையும், அரத்தையும் அறத்தையும் பிரித்தறிபவை அல்லவா நம் பிள்ளைகளின் காதுகள்? மயங்கொலி அவர்களுக்குப் புதிதன்று. கல்லாமையை அடுத்துக் கேள்விக்குத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். காதால் கற்பது நம் மரபு.

பிரித்தானியர் காலத்தில் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. ஆங்கிலம் நம் பிள்ளைக்கு எட்டாக்கனியாக இருந்தது. 1970களில் தொடங்கி அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தின் பின் முதலாம் தரத்திலேயே வாய்மொழி ஆங்கிலம் தொடங்கி, மூன்றாம் தரத்தில் முறையான பாடமாயிற்று. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்புகிறது. எனினும் பாடவேளை சிறிது. எஞ்சியதை நாம்தான் செய்ய வேண்டும்.

மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, நம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலே எழுதி உலகறியச் செய்தார். 1970இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் 'போர்ன் டு லேபர்' என்பது. அதில் 'போர்ன்' என்றால் பிறந்த என்று பொருள். ஓர் எழுத்துக் கூடினால், ஒலி மாறாமலே, சுமக்கப்பட்ட என்று பொருள். உழைக்கவே பிறந்து, கொழுந்துக் கூடையோடு குடும்பத்தையும் சுமந்த நம் தாய்மாருக்கு இரண்டு சொல்லும் பொருந்தும்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அரைமணி நேரம் சிறுவர்களை இருத்தி இந்த விளையாட்டுகளை நடத்துங்கள். தாய்மார்களே, ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். "இன்று படித்த சொல்லுக்குத் தமிழில் என்ன?" என்று கேளுங்கள், அது போதும். பெரியோர்களே, பிள்ளை பிழையாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். அவன் எதைக் கேட்டு அப்படிச் சொன்னான் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு பிழைக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கும்.

"லயன் எங்க வீடு" என்ற அந்தக் குரலுக்கு நான் அன்று சொல்லத் தவறிய பதிலை இன்று இந்தச் சபையில் சொல்கிறேன்: "சரிதான் தம்பி. உன் லயனும் ஆங்கிலச் சொல்தான். வா, இரண்டையும் சொல்லிப் பார்ப்போம்."