மூச்சைப் பறித்துவிட்டுத் தகுதி கேட்கிறார்கள்

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. வடசென்னையில், காவலர் தேர்வுக்குப் போகிற நம்ம பசங்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவன். அதனால கையில இருக்கிற ஸ்டாப்வாட்சிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கிறேன்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் முடிக்க வேண்டும். ராத்திரி பகலா படிச்சு எழுத்துத் தேர்வில் தேறி வந்தவனும் இங்கே ஒரு நொடி பிந்தினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்குப் பெயர் 'உடல் தகுதி'.

'தகுதி' என்ற சொல் நமக்குப் புதுசு இல்லை. 1990இல் மண்டல் பரிந்துரையை அமலாக்க முன்வந்தபோது தெருவெல்லாம் கேட்ட கூச்சல், தகுதி - திறமை. இன்றைக்கும் இடஒதுக்கீடு என்று வாயைத் திறந்தால் அதைத்தான் மூஞ்சியில் எறிகிறார்கள். மார்க்கில் தகுதி கேட்டவர்களுக்கு, விளக்கில்லாத நம் வீட்டைக் காட்டினோம். உடம்பில் தகுதி கேட்கிறவர்களுக்கு எதைக் காட்டுவது? நான் காற்றைக் காட்டுகிறேன்.

நான் வளர்ந்தது குப்பைமேட்டுக்குப் பக்கத்தில். கோடை வந்தால் மேடு தீப்பிடிக்கும். நாள் கணக்கில் புகையும். அம்மா ஈரத்துணியை ஜன்னலில் கட்டிவிடும். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதல் சுற்றில் நான்தான் முன்னால் போவேன். மூன்றாவது சுற்றில் நெஞ்சு அடைக்கும், இருமல் பிடித்துக்கொள்ளும். விளையாட்டு வாத்தியார் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் கால்ல வேகம் இருக்குடா, நெஞ்சுல துணிச்சல் இல்ல." அந்த 'உங்களுக்கெல்லாம்' யாரைக் குறிக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் துணிச்சல் இல்லை என்று அவர் சொன்னதைப் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். அதுதான் தோழர்களே கொடுமை.

நெஞ்சில் உண்மையில் என்ன நடக்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஓர் ஆள் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறான். வேகமாக ஓடும்போது அது பத்து மடங்குகூட ஆகும். மூக்கு போதாமல் வாயால் மூச்சு விடுகிறோம். மூக்கு வடிகட்ட வேண்டிய தூசி நேரே உள்ளே போகிறது. இதில் மிகச் சிறிய நுண்துகள், 2.5 மைக்ரான் அளவுள்ளது, தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போய் அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. எரியும் குப்பையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காலுக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைகிறது. அப்புறம் பையன் எப்படி ஓடுவான்?

இது அன்றைக்கு ஒரு நாள் இருமிவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. நுரையீரல் பிறக்கும்போதே முழுசாக இருப்பதில்லை. பெண்களுக்குச் சுமார் 18 வயது வரை, ஆண்களுக்கு இருபதைத் தாண்டியும் வளர்கிறது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாவின் 12 ஊர்களில் 1,759 பிள்ளைகளை 10 வயதிலிருந்து 8 வருஷம் தொடர்ந்து ஊதவைத்து அளந்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. நுண்துகள் மிக அதிகமான ஊரில், 18 வயதில் 100க்கு 8 பேர் அளவில் நுரையீரல் திறன் இருக்க வேண்டிய அளவில் 80 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. சுத்தமான ஊரில் அப்படி இருந்தவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை. ஆஸ்துமா இல்லாத பிள்ளைகளுக்கும் இந்தப் பாதிப்பு இருந்தது. வளர வேண்டிய வயதில் வளராத நுரையீரலை 'துணிச்சல் இல்ல' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?

சரி, இந்தப் புகைக்கு நடுவில் குடியிருப்பவர்கள் யார்? அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார்: தீண்டப்படாதவர் குடியிருப்பு ஊருக்கு வெளியே, அமங்கலமான தென்திசையில் இருக்க வேண்டும் என்பது கிராமத்துச் சட்டம். நகரத்துக்குத் திசை முக்கியமில்லை. எங்கே குப்பை, எங்கே சாம்பல், எங்கே புகைபோக்கி, அங்கே உழைக்கிற ஜனம். கொடுங்கையூரில் சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்தது. எண்ணூரிலும் மணலியிலும் அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்து, மீனவ ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நம்மைத் தீட்டு என்றவர்கள், தங்கள் அழுக்கை எல்லாம் நம் தெருவில் கொட்டினார்கள்.

இதே வடசென்னைதான் குத்துச்சண்டைக்குப் பேர்போனது. வியாசர்பாடி கால்பந்துக்குப் பேர்போனது. இந்தக் காற்றிலேயே இவ்வளவு ஆடுகிறவர்களுக்கு நல்ல காற்று கிடைத்தால்?

இங்கே ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியாவிலேயே 2002இல் வந்த இன்னொரு ஆய்வு, ஓசோன் அதிகமான ஊர்களில் மூன்று, அதற்கு மேற்பட்ட விளையாட்டு ஆடிய பிள்ளைகளுக்கு, ஆடாதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்துமா வந்ததாகச் சொன்னது. உடனே "அப்ப உங்க பசங்கள விளையாட விடாதீங்க" என்று ஒரு கூட்டம் கிளம்பும். அதே ஆய்வில், ஓசோன் குறைந்த ஊர்களில் இந்த வித்தியாசமே இல்லை. குற்றம் விளையாட்டில் இல்லை, காற்றில் இருக்கிறது. மைதானத்தையும் விட்டுக்கொடுத்தால் நமக்கு மிச்சம் என்ன?

போன வருஷம் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், மேடு புகைந்த வாரத்தில், வழக்கத்தைவிட 9 நொடி கூடுதலாக எடுத்தாள். "மாஸ்டர், நான் சரியா ஓடலையா?" என்று கேட்டாள். என் வாத்தியார் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. நோட்டில் நேரத்துக்குப் பக்கத்திலேயே 'புகை' என்று எழுதச் சொன்னேன். இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த நோட்டு நம் சாட்சி.

நீங்களும் எழுதுங்கள். மார்கழி, தை அதிகாலையில் புகை மேலே போகாமல் தரையோடு படுத்திருக்கும். அப்போது வெயில் ஏறிய பிறகு ஓடுங்கள். லாரி போகிற சாலையோரம் ஓடாதீர்கள். ஆனால் இது தற்காப்பு மட்டும்தான். தீர்வு வேறு. நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. 2009இல் நம் அரசு வைத்த வரம்பு 40. நம் பிள்ளைகளின் நுரையீரல் என்ன எட்டு மடங்கு பெரிசா? பள்ளிதோறும் நுரையீரலை ஊதிப் பார்த்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்று அளக்கும் கருவியை நம் தெருவில் வைக்கச் சொல்லுங்கள். கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று 2025இல் ஜனங்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்களே, அந்தச் சங்கிலியில் மாணவர்களும் நிற்க வேண்டும்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதே கலிபோர்னியாவில் சட்டம் போட்டுப் புகையைக் குறைத்த பிறகு வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முன்னவர்களைவிட நன்றாக வளர்ந்திருந்தது. 2015இல் அதையும் அளந்து சொன்னார்கள். காற்று திரும்பினால் மூச்சும் திரும்பும்.

முதலில் எங்கள் காற்றைத் திருப்பிக் கொடு, அப்புறம் ஸ்டாப்வாட்சை அழுத்து. நாங்கள் ஓடிக் காட்டுகிறோம்.

ஜெய்பீம்.