முதலில் விழிக்கும் நிரல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். இன்றும் ஒரே வேலையில் இருக்கிறோம். "கம்பியூட்டரில் என்னதான் செய்கிறீர்கள்?" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பீர்கள். இன்று பதில் சொல்கிறோம்.

விடியுமுன் லயத்தை எழுப்பிய பெரட்டுத் தப்பு உங்களுக்குத் தெரியும். கணினிக்கும் ஒரு பெரட்டு உண்டு. மின்சாரம் வந்ததும் சிப்புக்கு எதுவும் தெரியாது. அதை எழுப்பி, நினைவகத்தைத் தயார்செய்து, இயங்குதளத்தை ஏற்றி, பொறுப்பைக் கையளித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு நிரல்தான் பூட்லோடர். நாங்கள் பராமரிப்பது அதைத்தான்.

இவற்றில் பெயர்பெற்றது யூ-பூட். ஜெர்மனியரான வொல்ப்காங் டெங்க் வேறொரு பெயரில் தொடங்கியது, 2002இல் இப்பெயர் பெற்றது. 2012இல் அவர் தலைமைப் பொறுப்பை டொம் ரினியிடம் கொடுத்தார். 2022இல் டெங்க் காலமானார். வேலை நிற்கவில்லை. இன்றும் மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது. காலத்தோடு கைமாற்றிக் கொடுத்ததன் பலன் அது. நூறு வருடம் கண்ட பாடசாலைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இது ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின் 2ஆம் பதிப்பின் கீழ் வருகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் விற்ற பொருளோடு, நீங்கள் செய்த மாற்றங்கள் உள்ளிட்ட மூல நிரலையும் வாங்கியவர் பெறும்படி செய்ய வேண்டும். இந்த உரிமம் செல்லும் என்று 2004இலேயே மியூனிக் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நாங்கள் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், வாடிக்கையாளர் ஒருவர் மூல நிரலைக் கேட்டார். "பேசாமல் இருங்கள்" என்றார்கள் மேலிடத்தில். நாங்கள் விடவில்லை. தேடிப் பார்த்தால், விற்ற பெட்டியில் இருந்த நிரல் எங்களிடமே முழுதாக இல்லை! விலகிப்போன ஒருவரின் மடிக்கணினியோடு பாதி போயிருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து மீட்டோம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கப் போய், எங்கள் வேலையைத்தான் காப்பாற்றிக்கொண்டோம்.

அடுத்தது பூட்டும் சாவியும். பெரட்டில் செக்ரோலைப் பார்த்துப் பெயர் சரிபார்ப்பதைப் போல, ஏற்றப்போகும் நிரலின் கையொப்பத்தைப் பூட்லோடர் சரிபார்க்கும். அந்தக் கணக்கை வேகமாகப் போடவும் குறியாக்கம் செய்யவும் சில சிப்புகளுக்குள் தனிப்பகுதியே உண்டு. ஒவ்வொரு தயாரிப்பாளரின் பகுதியும் வெவ்வேறு. அதற்கான நிரலை எழுதுவது எளிது. தயாரிப்பாளர் அடுத்த சிப்புக்குப் போன பிறகும் அதைச் சோதித்துக்கொண்டிருப்பதுதான் சிரமம்.

சரிபார்க்கும் சாவியின் அடையாளத்தைச் சிப்புக்குள் அழியாதபடி பதித்துவிடுவார்கள். அதற்குச் சோடியான இரகசியச் சாவி தொலைந்தால், பின்னர் திருத்திய நிரலை அந்தப் பெட்டி ஏற்காது. திருட்டுப்போனால், திருடியவர் கையொப்பமிட்ட நிரலையும் ஏற்கும். உரிமத்தின் 2ஆம் பதிப்பு இந்தச் சாவியைப் பற்றித் தனியாகப் பேசவில்லை. 2007இல் வந்த 3ஆம் பதிப்பு, வீட்டுப் பாவனைப் பொருள்களில், வாங்கியவர் தாம் திருத்திய நிரலை ஏற்றத் தேவையானதையும் தரச் சொல்கிறது.

இதெல்லாம் வலப்பனைக்கு எதற்கு? 2007 ஜனவரியில் இந்த மலைகள் சரிந்ததை நாம் மறக்கவில்லை. இன்று மண்சரிவு எச்சரிக்கைக்குத் தானியங்கி மழைமானிகள் உதவுகின்றன. அப்படியொரு கருவி, மின்சாரம் போய்வந்த இரவில் மறுபடி விழிக்க வேண்டும். விற்றவர் கடையை மூடிப்போய், சாவியும் அவரோடு போயிருந்தால், பிழை தெரிந்தும் நம்மால் திருத்த முடியாது. பூட்டு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பூட்டு அவசியம். சாவி, பொருளுக்குச் சொந்தக்காரரிடம் இருக்க வேண்டும். பாடசாலைக்கோ தோட்டத்துக்கோ கருவி வாங்கும் சகோதரிகள் மூன்றைக் கேளுங்கள்: மூல நிரல் எங்கே? சாவி யாரிடம்? இன்னும் எத்தனை வருடம் திருத்தித் தருவீர்கள்?

இது நம் கைக்கு எட்டாத வேலை அல்ல. 2004 சுனாமியின்போது இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' என்ற திறந்த மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைப் பெற்றது.

கடைசியாக ஒன்று. யூ-பூட்டில் ஒரு வரியைத் திருத்தினாலும், அனுப்புபவர் அடியில் தன் பெயரை இட வேண்டும். "இதைத் தர எனக்கு உரிமை உண்டு, இதற்கு நான் பொறுப்பு" என்று பொருள். எங்கள் அம்மாயிமாரின் பெயர்களைச் செக்ரோலில் வேறொருவர் எழுதினார். அவர்கள் கைநாட்டு வைத்தார்கள். எங்கள் பெயரை எழுத இந்தப் பாடசாலை எங்களுக்குக் கற்றுத் தந்தது. அதை எழுதும் ஒவ்வொரு முறையும் இந்த வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

இங்கே படிக்கும் தங்கைகளில் யாராவது இந்த வேலைக்கு வர விரும்பினால், எங்களைத் தேடி வாருங்கள். நாங்களும் ஒருநாள் கைமாற்றிக் கொடுக்க வேண்டும் அல்லவா?