நாலு வரியில் ஓர் ஆயுள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்த கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதுவது குறித்துப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். முழு வாழ்க்கை வரலாறு எழுத ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். அதற்கு ஆளும் குறைவு, அச்சுக்கூலி கொடுப்பாரும் குறைவு. ஆகவே பெயர் பெற்றவர்களில்கூடப் பலருடைய ஆயுள் ஒரு நாளிதழின் இரண்டு பத்தியிலோ, நூற்றாண்டு மலரின் ஒரு பக்கத்திலோதான் தங்கப்போகிறது. அந்த இரண்டு பத்தியை ஏனோதானோ என்று எழுதிவிட்டால், அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

இன்று எழுதும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறந்த ஊர், பிறந்த தேதி, சிறு வயதிலேயே ஆர்வம், இத்தனை படங்கள், இத்தனை பட்டங்கள், ஈடுசெய்ய முடியாத இழப்பு. பெயரை மட்டும் மாற்றினால் அடுத்தவருக்கும் பொருந்திவிடும். எல்லோருக்கும் பொருந்துகிற குறிப்பு ஒருவரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் ஆகிறது. அந்த ஆள் செய்த காரியம் எது, அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், அப்போது அவரோடு நின்றவர் யார் என்பதைச் சொல்லாத குறிப்பு, எத்தனை பட்டங்களை அடுக்கினாலும் வெற்றுத்தாள்தான். இதுவே இன்று நான் சொல்ல வந்தது.

கல்லில் எழுதியவர்கள்

சுருக்கமாக எழுதுவது நமக்குப் புதிய கலையல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப்போய் உயிர்விட்டதை அந்தக் கல் சொல்கிறது. கையில் வில்லும் குத்துவாளுமாக அவன் நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய். அந்த நாய்க்கும் தனியே எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துவிட்டு அவ்விடத்திலேயே காத்து நின்றது என்று சொல்கிறது கல்.

அதை வெட்டுவித்தவர்களின் சிக்கனத்தைப் பாருங்கள். காலம் இருக்கிறது, அவன் யாரிடம் சேவகம் செய்தான் என்பது இருக்கிறது, செயல் இருக்கிறது, உடன் நின்ற உயிரின் பெயரும் இருக்கிறது. அவன் மாவீரன், மானங்காத்தவன் என்ற அடைமொழி ஒன்றுகூட இல்லை. கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உளி பிடிக்க வேண்டும். அதனால் வேண்டாததை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. நமக்கோ தாளும் மலிவு, மையும் மலிவு.

இரண்டு கப்பல்களுக்கு நடுவில் கோபாலன்

எம். ஜே. கோபாலன் 2003 டிசம்பரில் சென்னையில் காலமானார். செங்கல்பட்டுப் பக்கத்து மொரப்பாக்கத்துக்காரர். அவரைப் பற்றி வழக்கமான முறையில் எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும்: இந்தியாவுக்காக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார், ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய ஆட்டம் அது. வெறும் எண்ணைப் பார்ப்பவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார்.

அதே ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது, மதராஸ் வென்றது. சி. பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர்தான் அவரைக் கண்டெடுத்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர். ஆட்டத்தை நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. ஒரு வேகப்பந்து வீச்சாளர் வீசிக்கொண்டே இருக்க, ஒரு கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டியிருந்தது.

கோபாலன் ஹாக்கியும் ஆடினார். 1935இல் தியான்சந்தோடு நியூஸிலாந்து போய் ஆடிவந்தார். 1936இல் இரண்டு வாய்ப்புகள் ஒன்றாக வந்தன: பெர்லின் ஒலிம்பிக்குப் போகும் ஹாக்கி அணி ஒருபுறம், இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணி மறுபுறம். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். அங்கே நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் தியான்சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது.

ஒரு டெஸ்ட், ஒரு விக்கெட் என்ற கணக்குக்குப் பின்னால் இத்தனையும் கிடக்கின்றன. கைக்கு எட்டியிருக்கக்கூடிய தங்கத்தை விட்டு, கிடைக்காமல் போன ஓர் இடத்துக்காகக் கப்பலேறியவர் அவர். அதை எழுதினால்தான் கோபாலன் என்ற ஆள் தாளில் நடமாடுவார். பின்னாளில் மதராஸும் சிலோனும் ஆண்டுதோறும் ஆடிய கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள் என்பதை அதன் பிறகு சொன்னால், அந்தப் பெருமைக்கு ஒரு கனம் வந்து சேரும்.

மேடையில் இருந்தவர்கள்

நாடக நடிகர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 27. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரல். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அவரோடு சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1926இல், இலங்கையில். மறு ஆண்டு மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. அஞ்சலிக் கட்டுரைகள் பல இதைத் தொடாமல் தாண்டிவிடுகின்றன. மறைத்தால் மரியாதை என்று நினைக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லாமல், இருவரும் சேர்ந்திருந்தும் பிரிந்தும் கழித்த அந்தச் சில ஆண்டுகள் வாசகருக்கு விளங்கா. ஊரறிந்த செய்தியை ஒரு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் மரியாதை.

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார், மேடையை விட்டு ஒதுங்கினார். 1935இல் வெளியான ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அவரை அழைத்தபோது ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசப்பட்டது. நாடெல்லாம் வாயைப் பிளந்தது. நம் கட்டுரைகள் அந்த லட்சத்தோடு நின்றுவிடுகின்றன. அவர் ஏற்ற வேடத்தைப் பாருங்கள்: நந்தனார், ஓர் ஆண் வேடம். வேறு ஆண் நடிகரோடு ஜோடி சேர்வதில்லை என்ற முடிவையும் காத்துக்கொண்டார், தொழிலையும் மீட்டுக்கொண்டார். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தபோது மூதாட்டி வேடம். அவருடைய முடிவுதான் அவர் ஏற்ற பாத்திரங்களைத் தேர்ந்துகொடுத்தது. சட்ட மேலவை உறுப்பினர் பதவியும் 1970இல் பத்மஸ்ரீயும் வந்தன. அவற்றையும் எழுதலாம், கடைசி வரியில்.

திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமிக்குச் சிறு வயதிலேயே திருமணம் முடித்தார்கள்; அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகி அவர்தான். அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசிய படம் அது! முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகி என்று எல்லாக் குறிப்புகளும் சொல்லும். அதோடு நின்றுவிடாமல், 1936இல் தம் நாவலையே ‘மிஸ் கமலா’ என்ற படமாக எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். பெண்கள் நடிக்க வந்தாலே ஏச்சு விழுந்த காலத்தில் படப்பிடிப்பு முழுவதற்கும் உத்தரவு போடும் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தார். ‘காளிதாஸ்’ படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. படம் அழிந்த பிறகு அவர் வேலைக்குச் சாட்சி எழுத்து மட்டும்தான்.

புகழ்ச்சியும் புழுதியும்

புகழ்ந்து கெடுப்பது ஒரு வகை. இகழ்ந்து கெடுப்பது மற்றொரு வகை. நடிகர்களின் வாழ்க்கையை எழுதியே பிழைத்தவர் சி. என். லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’, பிறகு ‘இந்துநேசன்’ என்று மஞ்சள் பத்திரிகை நடத்தினார். உண்மையோ பொய்யோ, படுக்கையறைச் செய்திதான் சரக்கு. எழுதாமல் இருக்கவும் பணம் கிடைத்தது. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரிப் பக்கம் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ அந்தத் தீபாவளிக்குத்தான் வெளியாகியிருந்தது. நாயகன் சிறையில் கிடக்க, படம் சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

1945இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவில்லை; 1959 நவம்பர் 1 அன்று, ஐம்பது வயது நிரம்பும் முன்பே காலமானார். கிருஷ்ணனோ மீண்டும் சிரிக்கவைத்தார். அவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கேட்டால், டி. ஏ. மதுரத்திடம் போய் நிற்க வேண்டும். 1936இல் ‘வசந்தசேனா’ படப்பிடிப்புக்காகப் புனே போனபோது சேர்ந்த ஜோடி அது. கணவர் சிறையில் இருந்த காலத்தில் மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையாமல் பார்த்துக்கொண்டார்கள். ‘பைத்தியக்காரன்’ படமும் உருவாயிற்று. ஆனால் கலைவாணரைப் பற்றிய சிறு குறிப்புகளில் மதுரத்துக்குக் கிடைப்பது ‘மனைவியும் நடிகையுமான’ என்ற ஓர் அடைமொழி! எடுத்தனூரில் நாய்க்குக் கிடைத்த தனி வரி, நம் அச்சுத்தாளில் மதுரத்துக்குக் கிடைக்கவில்லை.

கடலில் முடிந்த கதை

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1943இல் பிறந்த வி. எஸ். குமார் ஆனந்தனை ஆழிக்குமரன் என்று அழைத்தார்கள். வழக்கறிஞருக்குப் படித்தவர். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, அதே கடலில் திரும்பியும் நீந்தினார். 51 மணி நேரம். கின்னஸ் புத்தகத்துக்காக வேறு பல சாதனைகளும் செய்தார். ஒற்றைக்காலில் மணிக்கணக்கில் நின்றது அவற்றில் ஒன்று. 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்தார். வயது 41.

சாதனைப் பட்டியலை வரிசையாக அடுக்கினால் இந்த மனிதர் வேடிக்கைக்காரராகத் தெரிவார். அவருடைய ஊரை முன்னால் வையுங்கள். வல்வெட்டித்துறை தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டிய ஊர். பக்கத்துத் தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954லேயே அந்தக் கடலை நீந்திக் கடந்திருந்தார். அப்போது ஆனந்தனுக்குப் பத்து, பதினொரு வயது. அந்தக் கரையில் வளர்ந்த ஒரு பையனுக்குக் கடல் எப்படிப்பட்ட சவாலாகத் தெரிந்திருக்கும் என்பது அப்போது புரிகிறது. வெறும் ‘பிறந்த ஊர்’ என்று ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டுப் போனால் இது பிடிபடாது.

இனி எழுதப்போகிறவர்களுக்கு

மாணவ நண்பர்களுக்குச் சில செய்முறைக் குறிப்புகள்.

தேதியை நம்பாதீர்கள். நம் பெரியவர்களில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர்தான் பிறந்தநாளைக் கொடுத்தார். இரண்டு சான்று கிடைக்காத தேதியை எழுதாமல் ஆண்டோடு நிறுத்துங்கள். நாடக நோட்டீஸ், பாட்டுப்புத்தகம், இசைத்தட்டின் உறை, போட்டி அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை ஆகியவை பேட்டியைவிடக் குறைவாகவே பொய் சொல்லும்.

குடும்பத்தாரிடம் பெருமைகளைக் கேட்காதீர்கள். அவை தாமாக வரும். சம்பளம் எவ்வளவு, யார் கொடுத்தார்கள், வெளியூர் போனால் எங்கே தங்கினார்கள், ஆட்டம் இல்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேளுங்கள். ஒத்து ஊதியவர், ஒப்பனை போட்டவர், பயிற்சிக்கு மைதானம் பெருக்கியவர் பெயரைக் கேளுங்கள். பதில் சொல்பவர் ஒரு கணம் யோசிப்பார். அங்கேதான் உங்கள் குறிப்பு தொடங்குகிறது.

புகழ்மொழியைப் பற்றி ஒரு சுலபமான சோதனை உண்டு. எழுதிய வாக்கியத்தில் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அடித்துவிடுங்கள். எஞ்சுவது ஐந்து வரிதான் என்றாலும் வருத்தப்பட வேண்டாம்.

பெரிய நட்சத்திரங்களுக்கு எழுத ஆள் இருக்கிறது. உங்கள் ஊர்க் கபடிக் குழுவின் பழைய தலைவர், கோயில் திருவிழாவில் நாற்பது வருடம் ராஜபார்ட் கட்டியவர், தவில்காரர் இவர்களுக்கு இல்லை. இந்தக் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊரில் மறைந்த ஒருவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, சான்றுகளின் படியோடு நூலகத்தில் கொடுத்தால் போதும். மூன்றாண்டுகளில் இந்த மாவட்டத்துக்கு அச்சில் இல்லாத ஒரு கலைக்களஞ்சியம் சேர்ந்துவிடும். நூலகர் அதற்கென ஓர் அலமாரியை ஒதுக்க வேண்டும், துறைத்தலைவர் அதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இன்றே ஒப்புக்கொண்டால், நாளைக் காலையே வேலையைத் தொடங்கிவிடலாம்.