அருகிருந்து பேணுதல்

“இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் சென்று, விரும்பியதைக் கொடுங்கள்.” புற்றுநோய் முற்றிய தாயையோ தந்தையையோ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற மக்களுள் பலர் இச்சொற்களைக் கேட்டிருப்பர். 2016-ஆம் ஆண்டில் நானும் கேட்டேன். என் அன்னையாருக்கு அப்போது 82 வயது. வயிற்றில் தோன்றிய புற்று ஈரல்வரை பரவியிருந்தது. அன்று மாலை அவரை வண்டியில் அமர்த்தி ஊர் திரும்பினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் மக்களுக்குப் பாடம் சொன்ன எனக்கு, மறுநாட் காலையில் என் தாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியவில்லை. அதன்பின் அவர் பதினொரு வாரங்கள் வாழ்ந்தார்.

அப்பதினொரு வாரங்களில் நான் கற்றவற்றையும் கற்கத் தவறியவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நோயைக் குணப்படுத்த இயலாது என்பது வேறு. நோயாளிக்குச் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே நான் செய்த முதற்பிழை. திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தபோது, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக எண்ணினார். மற்றக் கூறுகளின் ஆற்றல் குறையும் காலத்தில், இந்நான்காம் கூறே பெரிதாகின்றது.

முதலில் வலியைப் பற்றிச் சொல்கிறேன். மார்பின் என்னும் மருந்து வலியைத் தணிக்கும் என்று கேள்வியுற்றிருந்தும், அதனை வாங்க நான் அஞ்சினேன். அபினிலிருந்து எடுப்பதாயிற்றே, பழக்கத்திற்கு அடிமையாக்கிவிடுமே, உயிரை விரைவில் போக்கிவிடுமே என்றெல்லாம் எண்ணினேன். மூன்று வாரங்கள் அன்னையார் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு நல்ல மருத்துவர் ஒருவர் என் அச்சம் தவறென்று விளக்கினார். தக்க அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மார்பின் உயிரைக் குறைப்பதில்லை. அதனால் மலச்சிக்கல் உண்டாகும். அதற்குரிய மருந்தையும் உடன் கொடுக்க வேண்டும். வலி மிகட்டும் என்று காத்திராமல், குறித்த நேரத்தில் தவறாது, இயன்றவரை வாய்வழியாகவே கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்தது. மருந்து கொடுத்த அன்றிரவு அன்னையார் உறங்கினார். விடியற்காலையில் விழித்து, “பசு கன்று போட்டுவிட்டதா?” என்று வினவினார். மூன்று வாரங்களாக வலியைத் தவிர வேறொன்றையும் நினைக்க இயலாதிருந்தவர் மீண்டும் எங்கள் வீட்டுக்குத் தலைவியானார்.

இந்த மருந்து கிடைப்பது நம் நாட்டில் நெடுங்காலம் அரிதாயிருந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமை அதற்கு ஒரு காரணம். 2014-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று வழி எளிதாயிற்று. குணமாக்க இயலாத நோயாளியின் துன்பத்தைத் தணிப்பதற்கென்றே ஒரு மருத்துவத்துறை வளர்ந்திருக்கின்றது. அதனை வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்பர். கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர்களும் தொண்டர்களும் சேர்ந்து இப்பணிக்கென ஒரு சங்கம் கண்டனர். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும், இல்லம் வந்து செய்யும் இச்சிகிச்சை சேர்க்கப்பெற்றது. ஆதலின், “வீட்டிற்குச் செல்லுங்கள்” என்று மருத்துவர் கூறினால், “வலிக்கு யாரிடம் செல்வது? இரவில் துன்பம் மிகுந்தால் யாரை அழைப்பது?” என்ற இரு வினாக்களைக் கேளாமல் எழுந்து வராதீர்கள். நான் கேளாமல் வந்தேன்.

அடுத்தது உண்மை. உடன்பிறந்தோர் நால்வரும் கூடி, நோயின் பெயரை அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். வயிற்றுப்புண் என்று சொல்லிவந்தோம். ஒருநாள் பிற்பகல், நான் விசிறிக்கொண்டிருந்தபோது, “எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய், ராசா? நீங்கள் அழுவீர்களே என்றுதான் நான் கேட்கவில்லை” என்றார். நாங்கள் அவரைக் காப்பதாக எண்ணியிருந்தோம். அவரோ எங்களைக் காத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கைப்பெட்டியைத் திறக்கச் சொல்லித் தம் தோட்டை இளைய மருமகளுக்கு என்றார். தம் தங்கையைக் காண வேண்டும் என்றார். ஒன்பது ஆண்டுகளாகப் பேசாதிருந்த அத்தங்கை மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். எல்லா நோயாளரும் எல்லாவற்றையும் அறிய விரும்புவதில்லை. வலிந்து கூறுதலும் கொடுமையே. ஆயினும், அவர்கள் கேட்கும்போது பொய் சொல்லாதிருத்தலும், கேட்பதற்கு இடங்கொடுத்தலும் நம் கடன்.

மூன்றாவது உணவு. அன்பை அன்னத்தால் காட்டுவது நம் மரபு. ஆகவே, தாய் உண்ண மறுத்தால் நம் நெஞ்சு துடிக்கின்றது. உடல் ஓய்வை நாடும் காலத்தில் பசி தானே அடங்கிவிடுகின்றது. உண்ணாமையால் நோய் முற்றுவதன்று, நோய் முற்றியதால் உண்ணாமை வருகின்றது. கட்டாயப்படுத்தி ஊட்டினால் குமட்டலும் புரையேறுதலுமே மிஞ்சும். விரும்பினால் இரண்டு வாய் கஞ்சி; விரும்பாவிடில் உதட்டை நனைத்தல். அதுவே போதும்.

இறுதி நாள்களில் காணப்பெறும் மாற்றங்களை முன்னரே அறிந்திருந்தால் அச்சம் பாதி குறையும். உறக்கம் மிகும், சிறுநீர் குறையும், கைகால்கள் குளிரும். மூச்சு சிறிது நேரம் நின்று, மீண்டும் தொடரும். தொண்டையில் கரகரவென்று ஒலி எழும்; ஒருக்களித்துப் படுக்க வைத்தால் அது சற்றுத் தணியும். சிலர் இறந்தோர் வந்திருப்பதாகப் பேசுவர். அவர்களோடு வாதிட வேண்டா. கலக்கம் மிகுந்தால் மருத்துவரிடம் கூற வேண்டும். கேட்கும் ஆற்றல் நெடுநேரம் எஞ்சியிருக்கக்கூடும். ஆதலின் படுக்கையருகில் ஈமச்செலவைப் பற்றிப் பேசாதீர்கள்.

ஒரு வழக்கத்தைப் பற்றியும் கூற வேண்டும். கடைசி நேரத்தில் உறவினர் ஒவ்வொருவரும் வாயில் பால் ஊற்றுவர். விழுங்கும் ஆற்றல் இழந்தவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கித் துன்பம் தரும். எங்கள் இல்லத்திற்கு வந்த செவிலியம்மையார் வழக்கத்தைப் பழிக்கவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து, “உதட்டில் தொட்டு வையுங்கள்” என்றார். அனைவரும் அவ்வாறே செய்தனர். வழக்கமும் நின்றது, அன்னையாரும் திணறவில்லை.

பேணுபவரையும் மறத்தல் கூடாது. எங்கள் வீட்டில் இரவுகள் முழுவதும் விழித்தவள் என் மனைவி. ஞாயிறுதோறும் வந்து குறை சொன்னவர்கள் நாங்கள். பின்னரே நாள்களைப் பங்கிட்டோம். தொலைவில் வாழும் மக்கள் பணம் அனுப்புவதோடு அமையாமல், ஒரு வாரமேனும் வந்து அவ்விரவுகளை ஏற்றல் வேண்டும்.

அன்னையார் உயிர் பிரிந்த வேளையில் நான் கிணற்றடியில் நீராடிக்கொண்டிருந்தேன். பதினொரு வாரங்கள் அருகிருந்துவிட்டு, அந்த ஐந்து மணித்துளிகளில் இல்லாமற் போனேனே என்று நெடுநாள் வருந்தினேன். பின்னர் இதே நிலையுற்ற பலரைக் கண்டேன். பலருக்கும் இத்தகைய ஐந்து மணித்துளிகள் உண்டு. மருந்தைக் காலந்தாழ்த்தி வாங்கிய அந்த மூன்று வாரங்களுக்காக நான் வருந்துவது முறை. கிணற்றடிக்குச் சென்றதற்காக அன்று. நேயர்களுள் யாரேனும் இன்று நோயுற்ற பெற்றோரின் கட்டிலருகே இருந்து இதனைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவர்களுக்கு நான் கூறுவது இதுவே: முதலில் வலியைக் கேளுங்கள். பிறகு கையைப் பற்றிக்கொண்டு, அவர்கள் பேச விரும்புவதைப் பேச விடுங்கள். செய்யத்தக்கன இன்னும் பல உள.