கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பயிரைப் பார்க்கலாமா?

"சார், டிரோன்ல படம் எடுத்தாங்க. என் நெல் வயல்ல ஒரு மூலை மட்டும் சிவப்பா வந்திருக்கு. யூரியா போடவா?" என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டார். அவசரப்படாதீங்க என்றேன்.

டி.வி. ரிமோட் பொத்தானை அழுத்திக்கொண்டு அதன் முனையைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. செல்போன் கேமரா வழியாகப் பார்த்தால், பல போன்களில் ஒரு வெளிச்சம் மின்னும். அதுதான் அண்மை அகச்சிவப்பு ஒளி. செழிப்பான இலை சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க எடுத்துக்கொண்டு, இந்த ஒளியில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். இலை வாடினாலோ, நோய் கண்டாலோ, பயிர் கலப்பாக இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். அதை வைத்துத்தான் படத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். மாறியிருக்கிறது என்று படம் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

இந்த ஒளியைப் பிடிக்கிற கண்ணாக இன்று பெரும்பாலும் சிலிக்கான்தான் இருக்கிறது. அதை 1,414 டிகிரியில் உருக்கிப் படிகமாக்க வேண்டும். இதற்கு மாற்றாக ஆராய்ச்சிக்கூடங்களில் பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்தைச் செய்து பார்க்கிறார்கள். 1839-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தின் பெயர் அது. இப்போது செய்வதில் அந்தக் கனிமம் இல்லை. அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் அதே மாதிரி. ஈயம், வெள்ளீயம், அயோடின் சேர்ந்த உப்புகளைக் கரைத்து, கண்ணாடியில் மெல்லப் பூசிக் காயவைத்தால் போதும். உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்றி உப்பு விளைகிற மாதிரிதான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட வேண்டாம். சுமார் 1,000 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை அது உணரும். நம் கண்ணுக்கு எல்லை 700 சுமார்.

ஆனால் அடைமழையில் உப்புப் பானை கசிகிறது பாருங்கள், அதுபோல ஈரம் இதற்கும் ஆகாது. காற்றுப் பட்டால் வெள்ளீயம் கெடும். ஈயமோ நஞ்சு, சேற்றில் உடைந்து விழுந்தால் என்ன கதி? நாளைக்கு யாராவது இந்தக் கருவியை விற்க வந்தால், எத்தனை மழைக்காலம் தாங்கியது, உடைந்தால் யார் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அதுவரை இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, 10 குத்துகளில் உச்சியில் முழுதாக விரிந்த இலையை, வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இடலாம்.

அந்த விவசாயியின் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். அட்டையில் இலை சரியாகவே இருந்தது. அந்த மூலை மேடு, தண்ணீர் ஏறவில்லை. மண்வெட்டி எடுத்து வாய்க்காலைச் சரிசெய்தார். யூரியா மூட்டை பிரிக்காமலே இருக்கிறது.