மருத்துவரிடம் சொல்லும் முதற் சொல்



காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போகிறோம். பல் வலித்தால் போகிறோம். போய் உட்கார்ந்ததும், எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று தடையில்லாமல் சொல்லிவிடுகிறோம். ஆனால் சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதே நா வறண்டு போகும் செய்திகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் இன்று நாம் பேச இருக்கிறோம்.

இருபத்தாறு வயதுள்ள ஒருவரை மனக்கண்ணில் கொண்டு வருவோம். பெற்றோர் அவரை ஆண் பிள்ளையாக வளர்த்தார்கள். படித்து, தேசிய சேவையை முடித்து, வேலையில் இருக்கிறார். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் தம் பேட்டையிலுள்ள மருந்தகத்துக்குத் தலைவலி என்று சொல்லிக்கொண்டு போகிறார். டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கிறார். மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். எழுந்து கதவருகே போனவர் நின்று திரும்புகிறார். “இன்னும் ஏதாவது உண்டா?” என்று டாக்டர் கேட்கிறார். “ஒன்றுமில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

ஒரே ஆண்டில் மூன்று முறை இப்படி நடக்கிறது. அவர் சொல்லாமல் விழுங்கிய செய்தி இதுதான்: “நான் ஆண் அல்ல டாக்டர். சிறு வயதிலிருந்தே என்னைப் பெண்ணாகத்தான் உணர்கிறேன். இனியும் இப்படியே வாழ என்னால் முடியாது.”

இவர் நாம் கற்பனை செய்துகொண்டவர்தான். ஆனால் இவரைப் போன்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறந்தபோது ஆண் என்று எழுதப்பட்டு, பெண்ணாகத் தம்மை உணர்பவரைத் திருநங்கை என்கிறோம். பெண் என்று எழுதப்பட்டு, ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்கிறோம். முன்பு இவர்களைக் குறிக்கப் பயன்பட்ட இழிசொற்கள் போய், மரியாதைக்குரிய சொற்கள் தமிழில் நிலைபெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இது நோயா என்று நேயர்கள் கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்தி ஒரு பெரும் பட்டியல் வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த அதன் பதினோராம் பதிப்பில், இந்த நிலை மனநோய்கள் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பாலியல் நலம் பற்றிய பகுதியில் அது வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, இது மனநோய் அன்று. ஆயினும் மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கு அந்த உதவி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பட்டியலில் இடம் தரப்பட்டிருக்கிறது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு பகுதிகளைக் கொண்டது என்று சொல்லியிருக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்பவையே அந்த நான்கு. நோயல்லாத இந்த நிலைக்கும் அந்த வரிசை பொருந்துகிறது. அந்த வரிசையிலேயே நாமும் பார்ப்போம்.

முதலில், உதவி தேடிப் போகிறவர். அவர் செய்ய வேண்டியது உண்மையைச் சொல்வது. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுக்கலாம். எப்போதிலிருந்து இந்த உணர்வு இருக்கிறது, அன்றாட வாழ்க்கையில் எது மிகுந்த வேதனை தருகிறது, மருத்துவரிடம் என்ன உதவியை எதிர்பார்க்கிறார் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவதும் நல்லது.

சிலர், டாக்டர் எந்தப் பதிலை விரும்புவார் என்று யோசித்து அதற்கேற்பக் கதையைச் செப்பனிட்டுச் சொல்வார்கள். ஐயம் இருந்தால் மறைப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்திருந்தால் அதையும் மறைப்பார்கள். உண்மை தெரிந்தால் சிகிச்சை தர மாட்டார்களோ என்ற அச்சமே காரணம். ஆனால் அரைகுறையாகச் சொன்னால் அரைகுறையான உதவிதான் கிடைக்கும். ஐயத்தைச் சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம். மனச்சோர்வைச் சொன்னால் அதற்கும் சேர்த்து மருத்துவம் பார்க்கலாம்.

எல்லாவற்றிற்கும் மேலாக மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. ஏற்கெனவே தாமாக ஏதேனும் மாத்திரை உட்கொண்டு வந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் போக வெட்கப்பட்டு, நண்பர்கள் சொல்லக் கேட்டுக் கருத்தடை மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்குவோர் உண்டு. அவற்றில் பலவற்றிலுள்ள ஒருவகைச் செயற்கை ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாய்களில் கட்டி உறையும் ஆபத்தைக் கூட்டக் கூடியது. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே உலையாகும். புகை பிடிப்பவருக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். ஒரு சொல்லைச் சொல்லத் தயங்கியதற்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டுமா?

இரண்டாவது, மருத்துவர். இங்கே நம் சிங்கப்பூரின் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் சண்முகரத்தினம், மகப்பேறு மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றவர். எஸ். ஷான் ரத்னம் என்ற பெயரில் அவரைப் பலரும் அறிவார்கள். அவரிடம் ஒருவர் வந்து, தம்மைப் பெண்ணாக மாற்றும்படி கேட்டார். அத்தகைய அறுவை சிகிச்சை அதற்கு முன் சிங்கப்பூரில் நடந்ததில்லை. வந்தவரோ ஒருமுறை கேட்டுவிட்டுப் போய்விடவில்லை. மீண்டும் மீண்டும் வந்து கேட்டார்.

பேராசிரியர் என்ன செய்தார்? முடியாது என்று கதவை அடைக்கவில்லை; அவசரப்பட்டுக் கத்தியை எடுக்கவும் இல்லை. அதுவரை வெளிவந்திருந்த மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். மனநல மருத்துவர்களைக் கொண்டு வந்தவரின் மனநிலையை ஆராயச் செய்தார். சட்டப்படி இதற்குத் தடையுண்டா என்று சுகாதார அமைச்சிடம் தெளிவு பெற்றார். பிறகு 1971ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் சிங்கப்பூரின் முதலாவது பாலின மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. அந்த நோயாளிக்கு அப்போது வயது 24.

அதன் பின்விளைவுகளும் குறிப்பிடத்தக்கவை. அறுவை சிகிச்சை முடித்தவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள 1973ஆம் ஆண்டில் அரசாங்கம் இடமளித்தது. 1996ஆம் ஆண்டில் மாதர் சாசனம் திருத்தப்பட்டு, அவர்கள் மாற்றிக்கொண்ட பாலினத்தின்படி திருமணம் செய்துகொள்ளவும் வழி பிறந்தது. ஒருவர் துணிந்து கேட்டார். ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அந்த உரையாடலிலிருந்து சட்டம் வரை ஒரு பாதை போயிருக்கிறது.

நல்ல மருத்துவருக்கு இந்தத் துறையில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாததைத் தெரிந்துகொண்டு, உரிய நிபுணரிடம் அனுப்பத் தெரிந்தால் போதும். நோயாளி சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது. வீட்டாரிடமும் நோயாளியின் விருப்பமின்றிச் சொல்லலாகாது. ஒரு மருத்துவர் முகம் சுளித்து அனுப்பிவிட்டால் அத்துடன் மனம் உடைந்து போகவும் வேண்டாம். வேறொரு மருத்துவரை நாடலாம். கதவு ஒன்று மூடியதால் தெருவே மூடிவிட்டது என்று ஆகாது.

மூன்றாவது, மருந்து. இதைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் மிகுதி. முதல் நாளே ஊசி போட்டுவிடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. முதலில் பேச்சும் பரிசோதனையும்தான். இரத்த அழுத்தம், கல்லீரல், இரத்தச் சர்க்கரை, குடும்பத்தில் யாருக்கேனும் இரத்தம் உறையும் நோய் இருந்ததா என்பன ஆராயப்படும். மனநல மருத்துவரும் பார்ப்பார். பிற்காலத்தில் பிள்ளை வேண்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். ஹார்மோன் மருந்துகளால் பிள்ளைப் பேற்றுக்கான ஆற்றல் குறையலாம் என்பதால், அதைப் பாதுகாக்கும் வழிகள் என்னவென்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

திருநங்கையருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனும், ஆண் ஹார்மோனைத் தணிக்கும் மருந்தும் தரப்படுகின்றன. மூன்று முதல் ஆறு மாதங்களில் தோல் மென்மையடையத் தொடங்கும். மார்பும் வளரத் தொடங்கும். அந்த வளர்ச்சி நிறைவு பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஆனால் முன்பே தடித்துவிட்ட குரல் மருந்தால் மெலியாது; அதற்குக் குரல் பயிற்சி வேண்டும். தாடி மீசையும் மருந்தால் மட்டும் முற்றாக மறைந்துவிடாது.

திருநம்பியருக்கு டெஸ்டோஸ்டிரோன் தரப்படுகிறது. பொதுவாகச் சில மாதங்களில் மாதவிலக்கு நின்றுவிடும். முதலாண்டிலேயே குரல் கனக்கத் தொடங்கும். முகத்தில் முடி அரும்பும். கனத்துவிட்ட குரல், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. மாதவிலக்கு நின்றுவிட்டதாலேயே கருத்தரிக்க முடியாது என்று எண்ணிவிடவும் கூடாது. இந்த மருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிக் கூடிவிடலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். இரு சாராருக்கும் முதலாண்டில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்வது மருத்துவ வழக்கம்.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை வேண்டியிருப்பதில்லை. சிலருக்கு ஹார்மோன் மருந்தே போதும். சிலர் மருந்தும் வேண்டாமல், பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டே நிம்மதி அடைகிறார்கள். எது வரை போவது என்பது, மருத்துவரின் ஆலோசனையோடு அவரவர் எடுக்க வேண்டிய முடிவு.

நான்காவது, அருகிருப்பவர். வள்ளுவர் இவரையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே எண்ணினார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டில் பிள்ளை இதைச் சொன்னால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? சிலர் அடிக்கிறோம். சிலர் மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். இன்னும் பலர், “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறோம். சரியாகாது. ஒருவருடைய வேதனை இருவருடைய வேதனையாகப் பெருகும். ஒன்றும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் அதில் பாழாகும்.

பெற்றோருக்கு அதிர்ச்சி ஏற்படுவது இயல்பே. ஆசையாக வைத்த பெயரைப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். வலி தீரக் காலம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளை தெருவில் நிற்கக் கூடாது. ஒன்றும் புரியாவிட்டாலும், “டாக்டரைப் பார்க்கப் போகும்போது நானும் கூட வருகிறேன்” என்று சொல்ல முடியும் அல்லவா? அந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்குப் பெரும் பலம் தரும்.

நேயர்களே, தொடக்கத்தில் நாம் பார்த்த அந்த இருபத்தாறு வயதுக்காரரிடம் திரும்புவோம். நான்காம் முறையாக அவர் மருந்தகத்துக்குப் போகிறார். இம்முறை கதவருகே போய்த் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைக்கிறார். டாக்டர் அதைப் பிரித்து மெதுவாகப் படிக்கிறார். வெளியே இன்னும் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டு, “உட்காருங்கள். உங்களை நான் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?” என்று கேட்கிறார்.

யாரிடமும் சொல்லாமல் பல ஆண்டுகள் மனத்துக்குள் வைத்திருந்த பெயரை அவர் அன்று முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறார். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது. மருந்து பிறகுதான் வருகிறது.

நமக்குத் தெரிந்தவர் எவரேனும் கதவருகே போய்த் தயங்கி நிற்கக் கூடும். அவர் நம் பிள்ளையாக இருக்கலாம், உடன்பிறந்தவராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். “இன்னும் ஏதாவது உண்டா?” என்று நாம் கேட்போம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்போம்.